பின்னால் எத்தனை பேர்

ஒரு முட்டியை உடைப்பதற்காகத்தான் நாற்பத்து மூன்று வயதில் மலைப்பாதையில் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டேன். யாருடைய முட்டி என்று அப்போது தெரியாது. கண்டுபிடித்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். எனக்குக் கோபம் வந்தால் லேசில் ஆறாது. ஆறாம் வகுப்பில் என் சடையைப் பிடித்து இழுத்தவளை இன்றைக்குக் கடைத்தெருவில் பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவள் நான். அப்படிப்பட்டவளின் அக்காவை இடித்துத் தள்ளிவிட்டு ஓர் ஆள் தன் பாட்டுக்குப் போய்விட்டால், சும்மா விடுவேனா?

அக்கா பெயிண்டர். வீடுகளுக்கு வெளிப்பூச்சு அடிப்பவள். மூன்றாவது மாடி உயரத்துக்கு ஏணியில் நின்றுகொண்டு, கீழே இருக்கும் நான்கு ஆண்களை ஒரே சத்தத்தில் வேலை வாங்குவாள். நாங்கள் இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருக்கிறோம். எனக்குக் கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டேன். அவளுக்கு நடந்த கல்யாணம் நிலைக்கவில்லை. வாரம் முழுக்கப் பெயிண்ட் வாசனையில் இருப்பவள், ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் ஊருக்குப் பின்னால் இருக்கும் மலையில் நடக்கப் போவாள். காட்டு வழியாக ஏறி இறங்கும் அந்தப் பாதையில் நடக்கிறவர்கள், ஓடுகிறவர்கள், சைக்கிள்காரர்கள் எல்லோரும் போவார்கள். பாதி இடங்களில் ஓர் ஆள் அகலம்தான் இருக்கும்.

அடிவாரத்தில் வனத்துறை ஒரு பலகை வைத்திருக்கிறது. சைக்கிளில் வருகிறவர்கள் நடக்கிறவர்களுக்கு வழி விட வேண்டும், இறங்குகிறவர்கள் ஏறுகிறவர்களுக்கு வழி விட வேண்டும், ஆளைக் கடக்கும்போது நடை வேகத்துக்குக் குறைக்க வேண்டும் என்று எழுதியிருக்கும். பலகையில் எழுதாத வழக்கம் ஒன்றும் உண்டு. கூட்டமாக வரும் சைக்கிள்காரர்கள் ஒவ்வொருவரும், ஒதுங்கி நிற்பவரைக் கடக்கும்போது தனக்குப் பின்னால் எத்தனை பேர் வருகிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போவார். கடைசியில் வருகிறவர், நான்தான் கடைசி என்பார். அதைக் கேட்ட பிறகு நாம் திரும்பப் பாதையில் இறங்கலாம். முன்பின் தெரியாத ஆளின் வாய்ச்சொல்லை நம்பிக் காலை எடுத்து வைப்பதுதான் அந்த மலையின் ஏற்பாடு.

அன்றைக்கு அக்கா பாறை வளைவுக்குக் கீழே ஒதுங்கி நின்றிருக்கிறாள். முதல் ஆள், "பின்னாடி மூணு பேர்" என்றார். அடுத்தவர், "இன்னும் ரெண்டு." அதற்கடுத்தவர், "இன்னும் ஒருத்தர்." நாலாவது ஆள், "நான்தான் கடைசி, தேங்க்ஸ்" என்று சொல்லிவிட்டுப் போனான். அக்கா பாதையில் இறங்கி நாலு எட்டு வைத்தாள். ஐந்தாவது சைக்கிள் வந்து பின்னாலிருந்து இடித்தது.

முட்டிச்சில்லு மூன்று துண்டு. மண்ணில் முகம் புதைந்து கிடந்ததால் அக்கா யாரையும் பார்க்கவில்லை. பிரேக் கிறீச்சிடுவதும் சைக்கிள் நிற்பதும் கேட்டிருக்கிறது. ஒன்று, இரண்டு, மூன்று எண்ணும் நேரம். பிறகு சக்கரம் உருண்டு போகும் சத்தம். ஒரு வார்த்தை கிடையாது. அரை மணி நேரம் கழித்து நாயோடு நடக்க வந்த ஒருவர்தான் பார்த்து ஆள் கூப்பிட்டார்.

கம்பி வைத்துக் கட்டிய டாக்டர், "நடக்கலாம். ஏணி மட்டும் இனிமே வேண்டாம்" என்றார். நடக்கலாம் என்றது அக்கா காதில் விழவே இல்லை. இப்போது அவள் ஒரு பெயிண்ட் கடையில் ஸ்டூலில் உட்கார்ந்து கலர் கலந்து கொடுக்கிறாள். "இன்னைக்கு பதினோரு வெள்ளை கலக்கினேன்டி. எல்லாமே வெள்ளைதான். ஒண்ணொண்ணுக்கும் ஒரு பேரு வெச்சிருக்கானுங்க" என்று சொல்லிச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவேன்.

வனத்துறைக்கு எழுதிப் போட்டோம். அவர்கள் சைக்கிள் சங்கத்தைக் கேட்க, சங்கம் அச்சடித்த தாளில் பதில் அனுப்பியது. அன்று எங்கள் உறுப்பினர்கள் நால்வர் மட்டுமே சென்றனர், ஐந்தாவது நபர் எங்களைச் சேர்ந்தவர் அல்லர், தாங்கள் விரைவில் நலம்பெற வாழ்த்துகிறோம் என்று இருந்தது. அந்த வாழ்த்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அடுத்த மாதம் அதே சங்கத்தில் போய்ச் சேர்ந்தேன்.

நான் மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் வேலை பார்க்கிறேன். பழைய மலை சைக்கிள் ஒன்றை வாங்கி, கடையின் பின்னறையில் ஃபிரேம் பெட்டிகளுக்கு நடுவே ஒளித்து வைத்தேன். ஞாயிற்றுக்கிழமையும் வேலை இருக்கிறது என்று அக்காவிடம் சொன்னேன். "ஞாயித்துக்கிழமை கூடவா ஊர்ல கண்ணு கெட்டுப் போகுது?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவளிடம் நான் சொன்ன பொய்களில் அது சின்னது.

சங்கத்தின் தலைவர் டைல்ஸ் கடைக்காரர். தொப்பையும் விசிலுமாக எப்போதும் முதல் ஆளாகப் போவார். வாயைத் திறக்காத ஒரு பல் டாக்டர் இருந்தார். முப்பது வயதைத் தாண்டிய கொரியர்காரன் ஒருவன். ஊரெல்லாம் பார்சல் கொண்டு போகிறவன், மலையிலும் பார்சல் கொண்டு போகிற அவசரத்தில்தான் வருவான். அப்புறம் டீச்சர். பெண்கள் பள்ளியில் கணக்கு சொல்லிக் கொடுப்பவர். என் வயதுதான்.

முதல் நாள் ஒரு சின்ன இறக்கத்தில் நான் முன் பிரேக்கை மட்டும் பிடித்துக் குட்டிக்கரணம் அடித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. கைக்குட்டையை நனைத்து என் முழங்கையைத் துடைத்துவிட்டார். "முன்னாடி ஒரு விரல், பின்னாடி ரெண்டு விரல். இடுப்பைப் பின்னால தள்ளிக்கோ. பயந்தா கண்ணை மூடாத, நிறுத்திடு. நிறுத்துறதுல ஒண்ணும் கேவலம் கிடையாது" என்றார். பிறகு வந்த மாதங்களில் நான் பின்தங்கும்போதெல்லாம் அவர்தான் காத்திருப்பார். மேலே ஏறி உட்கார்ந்ததும் தன் பன்னைப் பிய்த்துப் பெரிய பாதியை எனக்குத் தருவார். எனக்கென்று ஒரு சிநேகிதி கிடைத்து எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. வந்த வேலை மறந்துவிடுமோ என்று எனக்கே பயமாக இருந்தது.

மறக்கக் கூடாது என்பதற்காகவே விதிகளில் பிடிவாதமாக இருந்தேன். நடக்கிறவர்கள் வந்தால் எல்லோருக்கும் முன்னால் இறங்கி நிற்பேன். மழை பெய்த மறுநாள் சகதியில் ஓட்டினால் பாதை கெடும் என்று தலைவரையே திருப்பி அனுப்பினேன். பின் சக்கரத்தைச் சறுக்கி மண்ணைக் கிளப்பிய கொரியரை வாங்கு வாங்கென்று வாங்கினேன். சங்கத்தில் எனக்குச் சட்டம் என்று பெயர் வைத்தார்கள். "சட்டம் வருது, மணியடி" என்பான் கொரியர். உங்களில் ஒருவரைச் சட்டம் ஒருநாள் பிடிக்கும் என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வேன்.

எட்டாவது மாதம் அது நடந்தது. வேறு ஊரிலிருந்து வந்த ஒரு கூட்டம் மேலிருந்து இறங்கியது. நாங்கள் ஏறிக்கொண்டிருந்தோம். முறைப்படி அவர்கள்தான் நிற்க வேண்டும். ஆனால் ஆறு பேர் இருந்ததால் தலைவர் பெரிய மனசு பண்ணி எங்களை ஒதுங்கச் சொன்னார். ஐந்து, நான்கு, மூன்று என்று சொல்லிக்கொண்டே கடந்தார்கள். கடைசிப் பையன், "நான்தான் கடைசி, ரொம்ப நன்றி" என்று கும்பிட்டுவிட்டுப் போனான். தலைவர் பாதையில் ஏறினார். டாக்டர் ஏறினார். கொரியர் ஏறினான். நானும் சைக்கிளைத் தூக்கினேன். டீச்சர் கையை என் நெஞ்சுக்குக் குறுக்கே நீட்டித் தடுத்தார்.

"இரு. இரு."

"கடைசின்னு சொல்லிட்டானே டீச்சர்."

"சொல்லுவாங்க."

மேலே வளைவையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு நிமிடம் இருக்கும். காற்று கூட இல்லை. அவர் முகம் வெளுத்திருந்தது. அப்புறம்தான், "சரி, வா" என்றார்.

எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் இவர்களோடு அலைந்திருக்கிறேன். கடைசி என்ற சொல்லைக் கேட்ட பிறகும் இறங்காமல் நின்ற ஒரே ஆள் இவர்தான். அந்தச் சொல்லுக்குப் பிறகும் ஒரு சைக்கிள் வரும் என்று யாருக்குத் தெரியும்? இடிபட்டவளுக்குத் தெரியும். இடித்தவளுக்குத் தெரியும்.

அன்றைக்கே அடிவாரத்தில் கொரியரிடம் பேச்சுக் கொடுத்தேன். போன வருடம் பாறை வளைவில் ஒரு விபத்து என்று கேள்விப்பட்டேனே, நிஜமா என்றேன்.

"ஆமா மேடம். அன்னைக்கு நான்தான் கடைசியா வந்தேன். தலைவர், டாக்டர், இன்ஜினியர் ஒருத்தர் இருந்தாரு, இப்ப ஊரை விட்டுப் போயிட்டாரு, அப்புறம் நான். எனக்கப்புறம் எவனோ தனியா வந்து அந்தம்மாவ இடிச்சிருக்கான். நாம கடைசின்னு சொல்லிட்டு வந்தோமேன்னு ரெண்டு வாரம் எனக்குத் தூக்கமே இல்ல."

"டீச்சர் அன்னைக்கு வரலையா?"

"வந்தாங்க. மேலே ஏறினதும் தலைவலின்னு சொன்னாங்க. நீங்க போங்க, நான் பின்பக்க ரோட்டு வழியா மெல்ல வீட்டுக்குப் போறேன்னாங்க. அதான் நாங்க நாலு பேருன்னு எண்ணிக்கிட்டோம்."

புரிந்துவிட்டது. ரோட்டு வழியாகப் போகிறேன் என்றவர் மனசு மாறியிருக்கிறார். யாருக்கும் சொல்லாமல் கூட்டத்தைப் பிடிக்க வேகமாக இறங்கியிருக்கிறார். முன்னால் போன நாலு பேரும் சரியான எண்ணிக்கையைத்தான் சொல்லிக்கொண்டு போனார்கள். இவர் திரும்பி வந்து அதைப் பொய்யாக்கினார். அது கூடப் போகட்டும், தவறுதான். நின்று, பார்த்துவிட்டு, என் அக்காவை மண்ணில் விட்டுவிட்டுப் போனாரே, அது?

ஒரு வாய்ப்பு கொடுக்கலாம் என்று நினைத்தேன். அடுத்த வாரம் பன்னைப் பிய்த்துக் கொடுத்தபோது கேட்டேன்.

"டீச்சர், இத்தனை வருஷத்துல நீங்க யாரையாவது இடிச்சிருக்கீங்களா?"

ஃபிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டிருந்தவர் நிமிரவே இல்லை. "இல்லையே. ஏன் கேக்கற?"

"சும்மாதான்."

அந்த இல்லையே என்ற சொல்லோடு என் மனசில் ஒரு கதவு மூடிக்கொண்டது. ஆனாலும் அவர் தந்த பன்னை மென்று விழுங்கினேன்.

அதற்கடுத்த சனிக்கிழமை மாலை டீச்சரிடமிருந்து போன் வந்தது. "பரீட்சை பேப்பர் கட்டு நிறைய இருக்குடி. நாளைக்கு ஒரு மணி நேரம் லேட்டா வரேன். நீங்க ஏறிடுங்க. நான் கீழ இருந்து ஏறி வந்து எதிர்ல சேந்துக்கறேன். தலைவர்கிட்ட சொல்லிடு" என்றார். சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை.

காலையில் நான்கு பேர் மேலே போனோம். இறங்கும் முன் கொரியரைத் தனியாகக் கூப்பிட்டேன். "எப்பவும் உன்னைத் திட்டிக்கிட்டே இருக்கேன். இன்னைக்கு நீ கடைசியா வா. நல்லா இடைவெளி விட்டு, ஆசை தீர ஓட்டு. பாதையில ஆளே இல்ல" என்றேன். "சட்டமே சொல்லுதா?" என்று வாயெல்லாம் பல்லாகச் சிரித்தான். அவனை நினைத்து அந்த நிமிடம் எனக்கு ஒரு துளி உறுத்தல் கூட இல்லை. கோபம் அப்படித்தான், பக்கத்தில் நிற்பவனைக் கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கிவிடும்.

தலைவர் முன்னே, அடுத்து டாக்டர், அடுத்து நான். பாறை வளைவைத் திரும்பியதும் கீழே டீச்சர் தெரிந்தார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறி வந்தவர், எங்களைப் பார்த்ததும் புல்லில் ஒதுங்கிக் கையசைத்தார். ஏறுகிறவருக்கு நாங்கள் நின்றிருக்க வேண்டும். அவரே வாங்க வாங்க என்றதால் தலைவர் நிற்கவில்லை.

"அட டீச்சரா! பின்னாடி மூணு பேர்!"

டாக்டர், "இன்னும் ரெண்டு" என்று முனகிவிட்டுப் போனார்.

நான் நடை வேகத்துக்குக் குறைத்தேன். அவர் பக்கத்தில் வந்ததும் முழுதாக நிறுத்தியே விட்டேன். மேலே கொரியர் இன்னும் கிளம்பியிருக்க மாட்டான், அல்லது இப்போதுதான் கிளம்பியிருப்பான். டீச்சரின் விரல்களில் சிவப்பு மை ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்த சந்தோஷம் முகம் முழுக்க இருந்தது.

"இன்னும் ஒருத்தர் இருக்காங்களா?" என்று கேட்டார்.

"இல்ல டீச்சர். கொரியர் பின்பக்க ரோட்டு வழியா வீட்டுக்குப் போயிட்டான். நான்தான் கடைசி."

அப்படிச் சொன்னாலும் அவர் நிற்பார், மேலே பார்ப்பார், ஒரு நிமிடம் காத்திருப்பார் என்றுதான் உள்ளுக்குள் எண்ணியிருந்தேன். உண்மையைச் சொல்கிறேன், அப்படி நின்றுவிடட்டும் என்று என் மனசில் ஒரு மூலை கெஞ்சிக்கொண்டும் இருந்தது. யாருடைய சொல்லையும் நம்பாதவர் அல்லவா அவர்.

"நீ சொன்னா சரி" என்றார். சைக்கிளைத் தூக்கிப் பாதையில் வைத்து, தலையைக் குனிந்துகொண்டு ஏற ஆரம்பித்தார்.

நான் பிரேக்கை விட்டேன். இரண்டு வளைவு தாண்டியிருப்பேன், சத்தம் கேட்டது. இரும்பும் இரும்பும் மோதும் சத்தம், அதற்குள்ளே ஓர் ஆளின் குரல். என் விரல்கள் தானாகவே பிரேக்கைப் பிடித்தன. சக்கரம் நின்றது. ஒன்று, இரண்டு, மூன்று. பிறகு விரல்களைப் பிரித்துக் கீழே போனேன்.

அடிவாரத்துக்கு வந்து சேர்ந்ததும் தலைவருக்குக் கொரியரிடமிருந்து போன் வந்தது. அவன் அழுவது எனக்கே கேட்டது. டீச்சருக்குத் தோள்பட்டை எலும்பும் வலது மணிக்கட்டும் உடைந்துவிட்டன. தன் சட்டையைக் கழற்றித் தூளி மாதிரி கட்டி, அவரை நகரவிடாமல் மடியில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானாம். தலைவரும் டாக்டரும் மேலே ஓடினார்கள். எனக்குத் தலை சுற்றுகிறது என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். முட்டி கேட்டேன், தோள் கிடைத்தது. போதும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன்.

அக்கா பால்கனியில் உட்கார்ந்து, இனி ஒருபோதும் எடுக்கப் போகாத பிரஷ்களை டர்பென்டைனில் கழுவிக்கொண்டிருந்தாள். நான் மண் அப்பிய ஷூவோடு அவள் எதிரில் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடிக் கடை பின்னறையில் இருக்கும் சைக்கிளில் ஆரம்பித்துக் கொரியரின் அழுகை வரை. அவள் என்னைக் கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன். குறைந்தது, நல்லா வேணும் அவளுக்கு என்றாவது சொல்வாள் என்று நினைத்தேன்.

அக்கா பிரஷ்ஷைக் கீழே வைத்தாள்.

"சத்தம் கேட்டப்புறம் திரும்பிப் போய்ப் பாத்தியா?"

நான் ஷூ கயிற்றை அவிழ்க்கக் குனிந்தேன்.

"உன்னத்தான் கேக்கறேன். போனியா?"

"இல்லக்கா."

"நான் அங்க கிடந்தப்ப என்ன நினைச்சுக்கிட்டுக் கிடந்தேன் தெரியுமா? கால் போச்சேன்னு இல்ல. யாரும் வரலையேன்னு." அவள் குரல் உயரவே இல்லை. "எனக்காகப் பண்ணேன்னு மட்டும் வெளில சொல்லாத. நான் உன்கிட்ட இதைக் கேக்கல."

"உன் ஏணிய எடுத்துக்கிட்டவக்கா அவ! அவ கையப் பிடிச்சுத் தடவிக் குடுக்கச் சொல்றியா?"

"கத்தாத. எந்த ஆஸ்பத்திரி?"

"எதுக்கு?"

"வண்டிய எடுடி."

ஸ்கூட்டரின் பின்னால் விறைத்த காலை நீட்டிக்கொண்டு ஒருக்களித்து உட்கார்ந்தாள். என் தோளைப் பிடிக்காமல் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

வார்டில் டீச்சர் கடைசிக் கட்டிலில் இருந்தார். தோளைச் சேர்த்துக் கட்டுப் போட்டிருந்தார்கள். பக்கத்து பிளாஸ்டிக் நாற்காலியில் கொரியர், யாருடைய சட்டையையோ போட்டுக்கொண்டு, முழங்காலில் மண்ணோடு உட்கார்ந்திருந்தான். என்னைக் கண்டதும் எழுந்தான்.

"மேடம், என்னாலதான் மேடம். நீங்க எத்தனை தடவை சொல்லியிருப்பீங்க, வேகம் வேண்டாம்னு. இவங்க என்னடான்னா, நான்தான் பாக்காம ஏறிட்டேன், அந்தப் பையனைத் திட்டாதீங்கன்னு தலைவர்கிட்ட சொல்றாங்க. இனிமே சைக்கிளையே தொட மாட்டேன்."

டீச்சர் இடது கையால் என்னைக் கிட்டே கூப்பிட்டார். காதோரம், "நீ கடைசின்னு சொன்னதை நான் யார்கிட்டயும் சொல்லல. அவன் ரோட்டு வழியா போறேன்னுட்டு மனசு மாறி வந்திருப்பான். உனக்கு எப்படித் தெரியும்? நீ மனசப் போட்டு அலட்டிக்காத. அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்" என்றார்.

அப்போதுதான் எனக்குப் பின்னால், சுவரைப் பிடித்துக்கொண்டு நொண்டி வந்த அக்காவைப் பார்த்தார். முதலில் முகத்தைப் பார்த்தார். பிறகு காலைப் பார்த்தார்.

"என் அக்கா" என்றேன்.

டீச்சர் எழுந்து உட்காரப் பார்த்தார். வலியில் முடியவில்லை. படுத்தபடியே, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "பாறை வளைவுல உங்கள இடிச்சது நான்தாங்க. நின்னேன். நீங்க அசையல. செத்துட்டீங்கன்னு நினைச்சு ஓடிட்டேன். உயிரோட இருக்கீங்கன்னு தெரிஞ்சப்புறம் வந்து சொல்லியிருக்கணும். வேலை போயிடும்னு பயந்தேன். அப்புறம் நாளாயிடுச்சு. நாளாக ஆக வாயே வரல."

கொரியர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான். இந்த வார்த்தைகளைக் கேட்கத்தான் நான் எட்டு மாதம் மலை ஏறினேன். இப்போது கேட்டுவிட்டேன். நெஞ்சு குளிரும் என்று நினைத்தேன். குளிரவில்லை, கோபம் இருந்த இடத்திலேயே இருந்தது, அதன் பக்கத்தில் புதிதாக ஒரு பயமும் வந்து உட்கார்ந்துகொண்டது.

அக்கா கட்டிலின் ஓரத்தில் மெல்ல உட்கார்ந்தாள். "உங்களப் பாத்தா மூஞ்சில காறித் துப்பணும்னுதான் இருந்தேன்" என்றாள் டீச்சரிடம். "இப்ப வாய் வறண்டு கிடக்கு. அப்புறம் ஒருநாள் துப்பறேன்." டீச்சர் தலையை ஆட்டினார். அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"அவங்க சொல்லிட்டாங்க. இந்தத் தம்பியும் தான் பண்ணாததையெல்லாம் சேத்துச் சொல்லிட்டாரு. இப்ப நீ சொல்லு."

கொரியர் அழுது வீங்கிய கண்ணோடு என்னைப் பார்த்தான். சொன்னேன். சனிக்கிழமை வந்த போனைச் சொன்னேன். கொரியரைப் பின்னால் நிறுத்தி வேகமாக வரச் சொன்னதைச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் அவன் நாற்காலியை விட்டுவிட்டு, என்னைத் தொடாமல் சுற்றிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

டீச்சருக்கு மட்டும் அது மண்டையில் ஏறவில்லை. பரீட்சையில் நன்றாக எழுதும் பெண் தப்பாக எழுதிவிட்டதைப் போல என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவன் வரான்னு உனக்குத் தெரியாதுல்ல?" என்று கேட்டார்.

"தெரியும் டீச்சர்."

"இல்ல, அந்த நேரத்துல மறந்திருப்ப."

"மறக்கல."

"தெரியாமதான் சொல்லியிருப்ப நீ" என்றார் மறுபடியும். இந்த முறை அது கேள்வி இல்லை, கெஞ்சல்.

"தெரிஞ்சுதான் சொன்னேன்" என்றேன்.